மதிய நேரத்து மெக்கானிக்

ரேடியோவின் பின்பலகையைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, தகரத் தட்டைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டியபோதுதான் பவதோஷ் பாய்ன் அந்த ஈயப் பற்றைப் பார்த்தான். ஐம்பது வருஷத்துப் பழைய வால்வு செட். நாலைந்து பேர் கை வைத்திருப்பது அதிசயமில்லை. மற்றப் பற்றுகளெல்லாம் சாம்பல் பூத்து மங்கிக் கிடந்தன. இது ஒன்று மட்டும், நேற்று வைத்ததுபோல, பளபளவென்று இருந்தது. கண்டன்சரின் கம்பி இடப்பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியில் தூண்டில் முள்போல வளைந்து, வால் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. அதன் தலையில், அடையாளத்துக்கு, ஒரு சொட்டுச் சிவப்பு நகப்பூச்சு.

சந்தன்நகரில் அப்படிப் பற்றவைத்தவன் ஒருவன்தான். நிஹார் ஷீல். இடதுகைக்காரன். இதே கடையில், இதே மேஜையில், பவதோஷுக்குக் கூட்டாளியாகப் பதினாறு வருஷம் வேலை பார்த்தவன். அவன் செத்து ஒன்பது வருஷமாகிறது.

"இதை எங்க ரிப்பேர் பண்ணீங்க?" என்று கேட்டான் பவதோஷ்.

எதிரே நாற்காலியில் குடையை முழங்காலில் சாத்திக்கொண்டு ஹால்தார் பாபு உட்கார்ந்திருந்தார். ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்று, போன வருஷம்தான் இந்த ஊருக்குக் குடிவந்தவர்.

"என்ன மோஷாய் இப்படிக் கேக்கறீங்க? இங்கதான். போன வியாழக்கிழமை."

"இந்த செட்டை நான் இப்பத்தான் பாக்கறேன்."

"நீங்க எங்க பாத்தீங்க? சாப்பிடப் போயிருந்தீங்க. இன்னொரு மெக்கானிக் வச்சிருக்கீங்களே, ஒல்லியா, கன்னம் ஒட்டிப்போய், அவர்தான் பண்ணினாரு. முக்கால் மணி நேரம். கோவிச்சுக்காதீங்க, உங்களைவிட அவருக்குக் கை வேகம்." ஹால்தார் பாபு தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டார். "மகாளயத்துக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. விடியக்காலை நாலு மணிக்கு ரேடியோவுல தேவி பாராயணம் கேக்க வீட்டுல எல்லாரும் சுத்தி உக்காந்திருக்கிறப்போ இது கர்புர்னு இரைஞ்சா என் மருமகள் என்னையும் சேர்த்துத் தூக்கி வெளியில போட்டுடுவா. அதான் நீங்களும் ஒருதடவை பாத்துடுங்கன்னு எடுத்துட்டு வந்தேன்."

"மத்தியானம் கடை பூட்டியிருக்குமே."

"ஷட்டர் பாதி ஏறியிருந்தது. குனிஞ்சுதான் வந்தேன்."

அவர் போன பிறகு பவதோஷ் வெகுநேரம் அந்தப் பற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். நகத்தால் சுரண்டினான். நகப்பூச்சு இன்னும் முழுதாக இறுகியிருக்கவில்லை.

ஒருமணிக்குக் கடையைப் பூட்டி, இரண்டு சந்து தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி, நாலு மணிக்குத் திரும்புவது அவன் வழக்கம். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று அவன் இடுப்பில். மற்றது வீட்டுச் சமையலறையில், ஆணியில். அன்று வீட்டுக்குப் போனதும் முதலில் ஆணியைப் பார்த்தான். சாவி தொங்கிக்கொண்டிருந்தது. லேசாக ஆடியதோ என்று பட்டது. ஜன்னல் காற்றாகவும் இருக்கலாம்.

மறுநாள் பன்னிரண்டரைக்கே மின்சாரம் போய்விட்டது. மேஜைமேல் ஒரு செட்டைத் திறந்தபடியே போட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பிச்சுருள் கருகிப்போன செட் அது. புதிதாகச் சுற்ற வேண்டும், இரண்டு நாள் வேலை. நாலு மணிக்குத் திரும்பியபோதும் மின்சாரம் வந்திருக்கவில்லை. ஷட்டரை ஏற்றினான். புழுக்கத்தில் மரமும் எண்ணெயும் சூடான தூசியும் கலந்த பழைய வாசனை. அதற்கு மேலே இன்னொன்று, மெல்லியதாக, இனிப்பாக. பற்றவைக்கும்போது எழும் பிசின் புகை.

சால்டரிங் அயனை நகர்த்தி வைக்கலாமென்று தொட்டவன் கையை உதறினான். ஆள்காட்டி விரல் நுனி வெந்துபோயிருந்தது.

மூன்றரை மணி நேரமாகத் தெருவுக்கே மின்சாரம் இல்லை.

விரலை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தான். ஐந்து மணி சுமாருக்கு மின்விசிறி ஒரு முனகலோடு சுற்றத் தொடங்கியது. மேஜைமேலிருந்த செட்டின் வால்வுகள் ஒவ்வொன்றாகச் செம்மண் நிறத்தில் கனன்றன. அரை நிமிஷம் மௌனம். பிறகு தெளிவாக, ஒரு கீறல்கூட இல்லாமல், கல்கத்தா நிலையத்துச் செய்தி வந்தது. சுருளை யாரோ சுற்றி முடித்துவிட்டிருந்தார்கள். இடப்பக்கமாக.

பேயை நம்புகிறவனில்லை பவதோஷ். மனுஷர்களையும் அவன் நம்புவதில்லை. யாரோ விளையாடுகிறார்கள். கைத்தொழில் தெரிந்த, ஒல்லியான, இடதுகைக்காரன் ஒருவன். அவனுக்குக் கடையைத் திறந்துவிட ஒரு சாவி வேண்டும். சாவி வீட்டில் இருக்கிறது. வீட்டில் ஜூதிகா இருக்கிறாள்.

அந்த எண்ணம் வந்தபிறகு, கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக, மனைவியை அவன் உற்றுப் பார்த்தான். கடுகு அரைத்த மீன்குழம்பை அவள் குனிந்து ஊற்றியபோது மூச்சை இழுத்தான். கடுகின் காரத்துக்கு அடியில், விரல்களிலிருந்து, அந்தப் பிசின் வாசனை.

"மத்தியானம் நான் தூங்கறப்போ நீ என்ன பண்ணுவே?"

"நீங்க குறட்டை விடறதைக் கேட்டுக்கிட்டு இருப்பேன். வேற என்ன கச்சேரி நடக்குது இந்த வீட்டுல?"

"எங்கயும் போறதில்லையே?"

கரண்டி ஒரு கணம் நின்றது. "எங்க போகணும்னு சொல்லுங்க, போறேன்," என்றாள்.

அன்று கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. சோறு அவனை அழுத்தியது. எழுந்தபோது நாலேகால். ஜூதிகா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய செருப்பின் ஓரத்தில் ஈரச் சேறு.

இடதுகைக்காரன் எவன்? நிஹாரிடம் தொழில் கற்றவன் யாராவது இருக்க வேண்டும். அதை விசாரிக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு. ஒன்பது வருஷமாக அவன் சுற்றிவளைத்துப் போய்த் தவிர்த்து வந்த இடம். மறுநாள் காலை, படித்துறைச் சந்தின் கடைசியில், நிஹாரின் மனைவி ஷெஃபாலி குடியிருக்கும் ஒற்றை அறையின் முன்னால் போய் நின்றான்.

அவள் தையல் மிஷினில் இருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க பவதோஷ்தா," என்றாள், அண்ணன் முறையை விடாமல். "வழி ஞாபகம் இருக்கே."

"ஒண்ணு கேக்கணும். நிஹார் யாருக்காவது தொழில் கத்துக்கொடுத்தானா? தம்பி, மச்சான், அந்த மாதிரி?"

"கொடுத்தாரே. உங்களுக்கு."

அது உண்மை. கடைக்கு முதலில் வந்தது பவதோஷ். தொழில் தெரிந்து வந்தது நிஹார். வாடிக்கைக்காரர்கள் வாசலிலேயே நின்று, "நிஹார் இருக்கானா?" என்றுதான் கேட்பார்கள். இல்லையென்றால் செட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவார்கள்.

"வேற யாருக்கும் இல்லையா?"

"இல்லை." அவள் துணியைத் திருப்பிப் போட்டாள். "நானும் ஒண்ணு கேக்கறேன். கரண்ட் அடிச்சு அவர் செத்த அன்னிக்கு நீங்க டீ குடிக்கப் போயிருந்தீங்கன்னு போலீஸ்ல சொன்னீங்களே. எந்தக் கடை?"

"படித்துறைக் கடை. உனக்குத் தெரியாதா? அப்பவே எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"அந்தக் கடை அன்னிக்குத் திறக்கலை. கடைக்காரர் வீட்டுல கல்யாணம். எல்லாரும் பர்த்வான் போயிருந்தாங்க."

"யார் சொன்னது உனக்கு?"

ஷெஃபாலி நூலைப் பல்லால் கடித்தாள். பவதோஷ் பார்வையைத் திருப்பினான். ஜன்னல் விளிம்பில் ஒரு பச்சை பிளாஸ்க் இருந்தது. மூடியில் ஒரு நசுக்கல். அவன் வீட்டு பிளாஸ்க் அது.

திரும்பி நடக்கும்போது அவனுக்கு எல்லாம் கூடிவந்துவிட்டதுபோல இருந்தது. இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். எவனோ ஒருவனைப் பிடித்து, நிஹார் மாதிரி பற்றவைக்கச் சொல்லி, தன்னைப் பயமுறுத்தி வாயைத் திறக்கவைக்கப் பார்க்கிறார்கள். கோபம் வந்தது. கோபம் வந்ததில் ஓர் ஆறுதலும் இருந்தது. ஆளைப் பிடித்துவிட்டால் தீர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஜூதிகாவிடம், "வால்வு வாங்கக் கல்கத்தா போறேன். வர ராத்திரி ஆகும்," என்றான். பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன்வரை நடந்தான். தெரிந்தவர்கள் இரண்டு பேரிடம் பேச்சுக் கொடுத்தான். பிறகு ரயில் பாதையோரமாகச் சுற்றி, கொல்லைச் சந்து வழியாக வந்து, தன்னிடம் மட்டும் சாவியுள்ள பின்கதவைத் திறந்து உள்ளே நுழைந்து தாழிட்டுக்கொண்டான். முன்ஷட்டர் பூட்டியே இருந்தது.

கடையின் உள்கோடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பழைய ரேடியோகிராம், ரேடியோவும் இசைத்தட்டும் சேர்ந்த பெட்டி, கிடந்தது. உள்ளே எல்லாம் பிடுங்கப்பட்ட வெறும் மரக்கூடு. முன்பக்கம் ஒலிபெருக்கித் துணி மட்டும் மிச்சம். அதன் பின்னால், சுவரோடு முதுகை அழுத்திக் குந்தினான். துணியின் இழைகள் வழியாகக் கடை முழுவதும் பழுப்பாகத் தெரிந்தது. அவன் மேஜை. அவன் முக்காலி. வேலை முடிந்து ஹால்தார் பாபுவுக்காகக் காத்திருந்த செட். அதன் கம்பியைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டு அவனே வைத்திருந்தான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது விழும் சத்தம் முதலில் காதை அடைத்தது, பிறகு பழகி, பிறகு சத்தமே இல்லாததுபோல ஆகிவிட்டது. மரக்கூட்டின் உள்ளே கரையான் அரித்த மண்வாசனை. வியர்வை புருவத்தில் திரண்டு கண்ணில் இறங்கியது. காத்திருக்கும்போது, நினைக்கக் கூடாதென்று வைத்திருந்ததை நினைத்தான்.

அன்றும் இப்படித்தான் மழை. காலையில் நிஹார் சொல்லியிருந்தான்: "ஸ்டேஷன் பக்கத்துல ஓர் இடம் பாத்திருக்கேன் பவதோஷ்தா. துர்கா பூஜைக்கப்புறம் தனியாப் போயிடலாம்னு." சொல்லிவிட்டுச் சிரித்தான். மத்தியானம் பவதோஷ் டீக்கடை மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு உடனே திரும்பி வந்தான். ஷட்டருக்கு அருகில் நின்றான். நிஹாரின் இடதுகை தகரத் தட்டைப் பிடித்திருந்தது. விட முடியாமல் பிடித்திருந்தது. வலதுகை சுவரோரத் தண்ணீர்க் குழாயில். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண்கள் மட்டும் பவதோஷைப் பார்த்தன. சுவிட்சுப்பலகை பவதோஷின் தோளுக்கு அருகில் இருந்தது.

பவதோஷ் நின்றான்.

அவ்வளவுதான். ஒன்றும் செய்யவில்லை. யாரிடமும் அவன் அதைச் சொன்னதில்லை. அந்த நேரத்தில் கடையில் வேறு யாரும் இருக்கவில்லை.

ஒன்றேகாலுக்குப் பூட்டு திறக்கும் சத்தம். ஷட்டர் பாதி ஏறியது. குனிந்து உள்ளே வந்தது ஜூதிகா. பின்னாலேயே, முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு, ஷெஃபாலி. பவதோஷ் பல்லைக் கடித்தான். இனி அந்த ஆள் வருவான்.

யாரும் வரவில்லை. ஜூதிகா பிளாஸ்க்கைத் திறந்து மூன்று கிளாஸில் டீ ஊற்றினாள். ஒன்றை மேஜைமேல், காலி முக்காலிக்கு இடப்பக்கமாக வைத்தாள். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முக்காலியைப் பார்த்தபடி.

மின்விசிறி நின்றது. மின்சாரம் போய்விட்டது.

வாசலில் குடையை உதறும் சத்தம். ஹால்தார் பாபு குனிந்து நுழைந்தார். "செட்டு தயாரா?" என்றார், முக்காலியைப் பார்த்து. காதைச் சாய்த்துக் கேட்டார். "அப்படியா! அதான் இரைஞ்சுதா?" மறுபடி கேட்டார். வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல ஆள் மோஷாய் நீங்க! உங்க முதலாளி எங்க, கல்கத்தாவா?" பதிலைக் கேட்டதும் அவர் புருவம் லேசாகச் சுருங்கியது. ரேடியோகிராம் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். "நான் சாயந்தரம் வந்து எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு, வந்ததைவிட வேகமாக வெளியே போனார்.

பவதோஷுக்கு மழைச்சத்தத்தைத் தவிர எதுவும் கேட்டிருக்கவில்லை.

பைத்தியக்காரக் கிழவர். அல்லது அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். நாடகம். எல்லாம் நாடகம்.

மேஜைமேல் ஹால்தார் பாபுவின் செட்டில் வால்வுகள் கனன்றன. கம்பி சுருட்டியபடியே இருந்தது. ரப்பர் வளையம் போட்டபடியே. நிலையம் சரியாகப் பிடித்தால் சுருங்கிக் காட்டும் பச்சைக் கண் முகப்பில் எரிந்தது. எந்த நிலையமும் வரவில்லை. ஆனாலும் கண் சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது. யாரோ பேசும் வேகத்தில்.

பெண்கள் இருவரும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சால்டரிங் அயன் தாங்கியிலிருந்து எழுந்தது. நுனி ஈயத்தைத் தொட்டது. புகை நூலாக மேலேறி, முக்காலிக்கு மேலே ஓரிடத்தில், எதன்மீதோ பட்டதுபோல இரண்டாகப் பிரிந்தது.

பவதோஷ் வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

"அன்னிக்கு அவர் எவ்வளவு நேரம் நின்னாரு?" என்று கேட்டாள் ஜூதிகா.

கண் சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது.

ஷெஃபாலி விரல்களை மடக்கி எண்ணினாள். ஒரு கை முடிந்தது. மறுகை. திரும்ப முதல் கை. நிறுத்தவில்லை.

ஜூதிகா எழுந்து ஷட்டருக்கு அருகில் போய் நின்றாள். பக்கவாட்டில் கையை நீட்டினாள். முழுதாக நீட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. விரல் சுவிட்சுப்பலகையில் பட்டது. அங்கேயே நின்று அந்தக் கையையே பார்த்தாள்.

"இருபத்திரண்டு வருஷம், நீட்டாத அந்தக் கைக்குச் சோறு போட்டேனே," என்று யாரிடமோபோலச் சொன்னாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் கேட்டிராத குரல் அது.

"இப்ப அவர் எங்க?" என்று கேட்டாள் ஷெஃபாலி.

பச்சைக் கண் முழுதாக மூடிக்கொண்டது.

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். ரேடியோகிராமின் பக்கம். துணியின் பக்கம். அவன் பக்கம்.

கத்த வேண்டும். எழுந்து வெளியே வர வேண்டும். ஏதாவது சொல்ல வேண்டும், எப்போதும் சொல்வதை. கால் அசையவில்லை.

முக்காலி பின்னால் நகர்ந்தது. தரையில் அதன் கால்கள் தேய்ந்த சத்தம் அவனுக்கும் கேட்டது.

அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தவை அந்த நாலு கண்கள் மட்டும். அவை முக்காலியிலிருந்து புறப்பட்டு, மேஜையின் முனையைச் சுற்றி, மெதுவாக, ஒரு மனிதன் நடக்கும் வேகத்தில், கடையின் குறுக்கே வந்தன. பாதி தூரம். முக்கால் தூரம். ரேடியோகிராமின் விளிம்பில் ஒரு கணம் நின்றன. குறுகிய இடத்துக்குள் ஒருவன் பக்கவாட்டில் நுழையக் காத்திருக்கும் நேரம்.

"ஜூதி," என்றான் பவதோஷ். குரல் வெளியே வரவில்லை.

அவள் நகரவில்லை. ஷெஃபாலியும் நகரவில்லை. நின்றார்கள்.

அவர்களுடைய கண்கள் இன்னும் கொஞ்சம் நகர்ந்து, மெல்லத் தாழ்ந்து, அவன் இடத்தோளுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு கைகூட நுழைய முடியாத அந்த இடத்தில், அவன் காதுக்கு நேராக வந்து நிலைத்தன.